வரியைப் பிடித்தது வங்கி, நோட்டீஸ் வந்தது எனக்கு: யாரிடம் புகார் செய்வது?

கேள்வி: நான் அரசு உதவி பெறும் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள், வயது 68. என் கணவர் 2024 ஜனவரியில் காலமானார். எங்கள் இருவர் பெயரிலும் இருந்த வைப்புத்தொகைகளை அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் வங்கி என் பெயருக்கு மாற்றிக் கொடுத்தது. 2024-25 நிதியாண்டில் அவற்றுக்கு வந்த வட்டி 2,74,000 ரூபாய்; அதில் 27,400 ரூபாயை வங்கி வருமான வரியாகப் பிடித்துக்கொண்டது. என் ஓய்வூதியம் 5,40,000 ரூபாய். 2,540 ரூபாய் ரீஃபண்ட் வர வேண்டும் என்று கணக்குப் போட்டு உரிய நாளுக்குள் ரிட்டர்ன் தாக்கல் செய்தேன். ஆனால் 24,860 ரூபாய் கட்டும்படி பெங்களூரிலிருந்து அறிவிப்பு வந்திருக்கிறது. இங்குள்ள வருமான வரி அலுவலகத்துக்கு மூன்று முறை போனேன்; "எங்கள் கையில் ஒன்றும் இல்லை" என்கிறார்கள். மத்திய அரசின் குறைதீர்ப்புத் தளத்தில் அனுப்பிய புகாரை ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். வருமான வரி ஆம்புட்ஸ்மேனுக்கு (குறைதீர்ப்பாளருக்கு) எழுதச் சொல்கிறார் ஒரு நண்பர். பிரவுசிங் சென்டரில் இருக்கும் தம்பியோ, "டிமாண்ட் சரி என்று அழுத்திப் பணத்தைக் கட்டிவிடுங்கள், தொல்லை தீரும்" என்கிறார். நான் யாரிடம் புகார் செய்ய வேண்டும்? தமிழில் எழுதினால் ஏற்றுக்கொள்வார்களா?

- ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, மயிலாடுதுறை

பதில்:

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

நீங்கள் அனுப்பிய நகல்களை எல்லாம் மேசையில் பரப்பி வைத்து நிதானமாகப் பார்த்தேன். முதலில் உங்கள் மனம் ஆற வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லிவிடுகிறேன்: இந்த 24,860 ரூபாயை நீங்கள் கட்ட வேண்டியதில்லை, கட்டவும் கூடாது. உங்கள் கணக்கில் பிழை இல்லை. ஓய்வூதியத்தில் நிலையான கழிவு 75,000 போக 4,65,000 ரூபாய், அதனுடன் வட்டி 2,74,000 ரூபாய், ஆக 7,39,000 ரூபாய்க்குப் புதிய வரி முறையில் அந்த ஆண்டுக்கு 23,900 ரூபாய் வரியும், 4 சதவீத செஸ் சேர்த்து 24,856 ரூபாயும் வருகிறது. வங்கி பிடித்தது 27,400. எனவே நீங்கள் கேட்ட 2,540 ரூபாய் ரீஃபண்ட் சரியே. பெங்களூரில் உள்ள மையச் செயலாக்க மையம் உங்கள் வரியையும் இதே தொகையாகத்தான் கணக்கிட்டிருக்கிறது. 27,400 ரூபாயை வரவு வைக்காமல் விட்டது ஒன்றுதான் வித்தியாசம்.

ஏன் வரவு வைக்கவில்லை என்பதற்கான விடை நீங்கள் அனுப்பிய தாள்களிலேயே இருக்கிறது. உங்கள் பான் அட்டையின் நகலையும், வரி பிடித்ததற்கு வங்கி கொடுத்த 16ஏ சான்றிதழையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பான் எண்ணில் நான்காவது எழுத்து தனிநபரைக் குறிக்கும் 'பி'. அது இரண்டிலும் ஒன்றுதான். ஐந்தாவது எழுத்து, வரித்துறைப் பதிவில் குடும்பப் பெயராக அல்லது கடைசிப் பெயராக இருப்பதன் முதல் எழுத்து. அது இரண்டிலும் வெவ்வேறாக இருக்கிறது. சான்றிதழின் மேல்பகுதியில் உங்கள் பெயரும் முகவரியும் சரியாக அச்சாகியிருப்பதால் கீழே இருக்கும் பத்து எழுத்துகளை யாரும் கவனிக்கவில்லை. அந்தப் பத்து எழுத்துகள் காலமான உங்கள் கணவருடைய பான் எண். உங்கள் பணத்திலிருந்து பிடித்த வரியை வங்கி முறையாக அரசுக் கணக்கில் செலுத்திவிட்டது. ஆனால் அவர் பெயரில் செலுத்தியிருக்கிறது.

இது எப்படி நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வங்கியில் போய்ப் பேசும்போது உங்களுக்குப் பயன்படும். வங்கிகளின் கணினியில் பான் எண் வைப்புத்தொகை ரசீதோடு இணைந்திருப்பதில்லை. வாடிக்கையாளர் எண் என்று ஒன்று இருக்கிறதே, அதனோடுதான் இணைந்திருக்கிறது. கூட்டு வைப்பில் முதல் பெயர்க்காரருடைய வாடிக்கையாளர் எண்ணின் கீழ் வட்டியும் வரிப் பிடித்தமும் ஓடும். முதல் பெயர்க்காரர் இறந்த பிறகு கிளையில் ரசீதில் பெயரை மட்டும் மாற்றிவிட்டு, வைப்பைப் பழைய வாடிக்கையாளர் எண்ணிலேயே விட்டுவிட்டால், தாளில் உங்கள் பெயரும் கணினிக்குள் அவருடைய பான் எண்ணும் இருக்கும். என் தகப்பனார் காலமான பிறகு என் தாயாரின் வைப்புத்தொகையிலும் இதே தவறு நேர்ந்தது. தொழிலே இதுவாக இருக்கும் எனக்கே அதைக் கண்டுபிடிக்க ஓராண்டு பிடித்தது என்பதால், உங்கள் கவனக்குறைவு என்று நீங்கள் கடிதத்தில் வருந்தியிருப்பதை நான் ஏற்கவில்லை.

இப்போது உங்கள் மூன்று நடைகளும் ஒரு புகாரும் ஏன் பலன் தரவில்லை என்பது விளங்கும். பெங்களூர் மையம், 26கியூ எனப்படும் வரிப் பிடித்தக் காலாண்டு அறிக்கையில் வங்கி கொடுத்திருப்பதைத்தான் படிக்கும். அதில் உங்கள் பான் எண்ணுக்கு எதிரே எதுவும் இல்லை. உள்ளூர் அலுவலருக்கு வங்கியின் அறிக்கையைத் திருத்தும் அதிகாரம் கிடையாது. குறைதீர்ப்புத் தளத்தில் நீங்கள் எழுதிய ஐந்து பக்கங்களையும் படித்தேன். கணவரின் நோய், மருத்துவமனை அலைச்சல், வங்கியில் காத்திருந்த நாட்கள், அலுவலகத்தில் உட்கார நாற்காலிகூடத் தராதது என்று எல்லாம் இருக்கின்றன. எல்லாம் உண்மை, எல்லாம் நியாயமான வருத்தம். ஆனால் மதிப்பீட்டு ஆண்டு (நிதியாண்டுக்கு அடுத்து வரும் ஆண்டு) எது, அறிவிப்பின் எண் என்ன, எந்த வங்கி, எந்தத் தொகை, என்ன செய்யக் கேட்கிறீர்கள் என்ற ஐந்தும் அதில் இல்லை. நாளொன்றுக்குப் பல புகார்களைப் பார்க்கும் ஓர் அலுவலர், தாம் செய்யக்கூடிய செயல் எதுவும் அந்தக் கடிதத்தில் இல்லை என்று கண்டால், பதில் ஒரு வரியில்தான் வரும். அது சரி என்று நான் சொல்லவில்லை. அடுத்த கடிதம் அப்படி முடியக்கூடாது என்பதே என் கவலை.

ஆகவே முதல் புகார் வரித்துறைக்கு அல்ல, வங்கிக்கு. கிளை மேலாளருக்கு எழுதி, அந்த வங்கியின் வரிப் பிடித்தப் பிரிவுக்கு அனுப்பக் கேளுங்கள். திருத்தம் பெரும்பாலும் அங்கேதான் நடக்கும், கிளையில் நடக்காது. கடிதம் இவ்வளவு இருந்தால் போதும்: "என் பெயரில் உள்ள கீழ்க்கண்ட வைப்புத்தொகைகளுக்கு 2024-25 நிதியாண்டில் வழங்கிய 2,74,000 ரூபாய் வட்டியிலிருந்து பிடித்த 27,400 ரூபாய் வரி, 2024 ஜனவரியில் காலமான என் கணவரின் பான் எண்ணில் தவறாகக் காட்டப்பட்டுள்ளது. வைப்புகள் 2024 மார்ச் முதல் என் பெயரில் உள்ளன. எனவே நான்கு காலாண்டுகளுக்கும் 26கியூ திருத்த அறிக்கை தாக்கல் செய்து, வட்டியையும் வரியையும் என் பான் எண்ணுக்கு மாற்றி, புதிய 16ஏ சான்றிதழ் வழங்குமாறும், வைப்புகளை என் வாடிக்கையாளர் எண்ணோடு இணைக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்." இதனுடன் இறப்புச் சான்றிதழ், இரண்டு பான் அட்டைகள், ரசீதுகள், தவறான 16ஏ ஆகியவற்றின் நகல்களை வையுங்கள். கடிதத்தின் இன்னொரு பிரதியில் வங்கியின் முத்திரையும் தேதியும் வாங்காமல் அங்கிருந்து எழுந்து வராதீர்கள். முத்திரை போட மறுத்தால் விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) பதிவு வசதியுடன் அனுப்பி, ஒப்படைத்ததற்கான சான்றை வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தத் தேதியிலிருந்து 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தில் புகார் செய்யலாம். கட்டணம் எதுவும் இல்லை. இணையவழியாகவும் அனுப்பலாம், தபாலிலும் அனுப்பலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. முதலில் வங்கியிடம் எழுத்து மூலம் கேட்டதற்குச் சான்று இல்லாமல் அங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முத்திரையை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு அதுவே காரணம். காலத்தைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும்படி இயற்றப்பட்ட புதிய வருமான வரிச் சட்டம், இத்தகைய திருத்த அறிக்கை தருவதற்கான காலத்தை ஆறு ஆண்டுகளிலிருந்து இரண்டு ஆண்டுகளாகச் சுருக்கிவிட்டது. உங்கள் விஷயத்தில் 2027 மார்ச் 31க்குள் வங்கி இதை முடித்துவிட வேண்டும் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். "அடுத்த காலாண்டில் பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால் இந்தத் தேதியைச் சொல்லுங்கள்.

வங்கி தன் வேலையைச் செய்யும்வரை வரித்துறையின் கோரிக்கையை அப்படியே விட்டுவிடவும் கூடாது. அறிவிப்பு வந்து 30 நாட்களுக்குப் பிறகு, கட்டாத தொகைக்கு மாதம் 1 சதவீதம் வட்டி ஓடும். அடுத்த ஆண்டு ரீஃபண்ட் ஏதாவது வந்தால் அதை இந்தப் பாக்கிக்கு ஈடுகட்டிக்கொள்ளவும் துறைக்கு வழி இருக்கிறது. வருமான வரி இணையதளத்தில் உங்கள் கணக்குக்குள் நுழைந்தால் நிலுவையில் உள்ள நடவடிக்கைகள் என்ற பகுதியில், நிலுவைக் கோரிக்கைக்குப் பதில் என்று ஒன்று இருக்கும். அங்கே கோரிக்கையை ஏற்கவில்லை என்பதைத் தேர்ந்தெடுத்து, வரி ஏற்கெனவே பிடிக்கப்பட்டுவிட்டது, பான் எண் தவறால் வரவு வரவில்லை என்று காரணம் எழுதி, வங்கி முத்திரையுள்ள கடிதத்தை இணையுங்கள். பிரவுசிங் சென்டர் தம்பி சொன்னபடி, கோரிக்கை சரி என்பதைத் தயவுசெய்து அழுத்திவிடாதீர்கள். ஒருமுறை அப்படி ஒப்புக்கொண்டால் பிறகு அதே இடத்தில் மறுக்க முடியாது. அவர் உதவி செய்யத்தான் நினைத்தார் என்றாலும், இந்த ஒரு சொடுக்கு 24,860 ரூபாய்க்குச் சமம்.

நீங்கள் அச்சமின்றி மறுக்கலாம் என்பதற்குச் சட்டத்தின் துணையும் இருக்கிறது. உங்கள் மதிப்பீட்டு ஆண்டுக்குப் பொருந்தும் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 205ஆம் பிரிவு, ஒருவருடைய வருமானத்திலிருந்து வரி பிடிக்கப்பட்டுவிட்டால், பிடித்த அளவுக்கு அந்த வரியை அவரிடமே மறுபடி கேட்கக் கூடாது என்கிறது. வரியைப் பிடித்தவர் அதை அரசுக்குக் கட்டாமலே போய்விட்ட நேர்வுகளில்கூட, வரி செலுத்துபவரைக் கட்டாயப்படுத்தி வசூலிக்கக் கூடாது என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 2015 ஜூன் 1ஆம் தேதி தன் அலுவலர்களுக்கு அறிவுறுத்தியது. 2016 மார்ச்சில் அதை மீண்டும் வலியுறுத்தியது. உங்கள் விஷயத்தில் பணம் அரசிடமே போய்ச் சேர்ந்துவிட்டது என்பதால் உங்கள் நிலை இன்னும் வலுவானது. வரித்துறைக்கு எழுதும் எந்தக் கடிதத்திலும் 205ஆம் பிரிவைக் குறிப்பிடத் தவறாதீர்கள்.

வங்கி திருத்த அறிக்கை கொடுத்த பிறகு, அது செயலாக்கம் பெற்று, உங்கள் பான் எண்ணில் வரவான வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையில் 27,400 ரூபாய் வந்துவிட்டதா என்று பாருங்கள். வருவதற்கு முன் அவசரப்பட்டு மனுப் போட்டால் பழைய பதிலே திரும்ப வரும். அதே விடை வருவதைக் கண்டு மனம் தளர்ந்து பாதியில் விட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வந்த பின் அதே இணையதளத்தில் திருத்தம் கோரும் பகுதிக்குச் சென்று, ரிட்டர்னை மறுபடி செயலாக்கக் கேளுங்கள். உங்கள் ரிட்டர்னில் மாற்ற வேண்டியது எதுவும் இல்லாததால் புதிதாக எதையும் நிரப்ப வேண்டாம். இது 154ஆம் பிரிவின்படியான மனு. உத்தரவு பிறந்த நிதியாண்டு முடிவிலிருந்து நான்கு ஆண்டுகள் வரை இதற்குக் காலம் உண்டு. மனுப் பெற்ற மாதத்தின் முடிவிலிருந்து ஆறு மாதங்களுக்குள் துறை முடிவு சொல்ல வேண்டும் என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது. மேல்முறையீடு செய்யச் சொல்லியும் உங்களுக்கு யோசனை வரலாம். 1,000 ரூபாய் கட்டணம், நீண்ட காத்திருப்பு, 30 நாள் கெடு எல்லாம் உள்ள அந்த வழி, சட்டத்தைப் பற்றிய கருத்து வேறுபாட்டுக்கு உரியது. உங்களுடையது பதிவுப் பிழை, அதற்குத் திருத்த மனுவே போதும்.

ஆறு மாதங்கள் கடந்தும் அசைவில்லை என்றால், அப்போதுதான் துறைக்கு எதிரான புகாருக்கு நேரம் வருகிறது. வருமான வரி இணையதளத்திலேயே குறைகள் என்ற பகுதி இருக்கிறது. அங்கே புகார் யாருக்கு என்று கேட்கும் இடத்தில் ரிட்டர்னைச் செயலாக்கும் மையத்தைத் தேர்ந்தெடுங்கள். வரிப் பிடித்தத்துக்கான மையம் தனி, உள்ளூர் மதிப்பீட்டு அலுவலர் தனி. இங்கே தவறிய தேர்வுதான் பல புகார்கள் காரணம் சொல்லாமல் மூடப்படுவதற்குக் காரணம் என்பது என் அனுபவம். மதிப்பீட்டு ஆண்டு 2025-26, அறிவிப்பின் எண்ணும் தேதியும், திருத்த மனுவின் ஒப்புகை எண்ணும் தேதியும், 26ஏஎஸ்ஸில் இப்போது வரவு உள்ளது என்ற ஒரு வாக்கியம், கோரிக்கையை நீக்கி 2,540 ரூபாயை வட்டியுடன் தர வேண்டும் என்ற ஒரு வாக்கியம். பத்து வரிக்குள் எழுதிவிடலாம். வட்டி என்றால் மாதம் அரை சதவீதம், உங்களுக்கு மாதத்துக்கு ஏறக்குறைய 12 ரூபாய். சிறு தொகைதான். ஆனால் ரீஃபண்ட் தொகை மொத்த வரியில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாதபோது சட்டம் தரும் உரிமை அது, உங்கள் தொகை அந்த வரம்பைச் சற்றே தாண்டியும் இருக்கிறது, கேளுங்கள்.

அங்கும் பதில் சரியில்லை என்றால் மத்திய அரசின் குறைதீர்ப்புத் தளம். நீங்கள் ஏற்கெனவே அறிந்த இடம்தான். 21 நாட்களுக்குள் தீர்வு காண வேண்டும் என்பது 2024 ஆகஸ்டில் வந்த நெறிமுறை. புகாரை மூடியபின் 30 நாட்களுக்குள் மேல் அலுவலரிடம் முறையிடும் வசதி அதே தளத்தில் இருக்கிறது. முன்பு உங்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. உங்கள் நண்பர் சொன்ன வருமான வரி ஆம்புட்ஸ்மேன் பதவி 2003இல் ஏற்படுத்தப்பட்டு 2019இல் நீக்கப்பட்டுவிட்டது. அந்த முகவரிக்கு எழுதிக் காத்திருக்க வேண்டாம். தொலைபேசியில் கேட்க வேண்டுமானால் 1800 103 0025 கட்டணமில்லா எண். ஆனால் தொலைபேசியில் சொன்னதைப் பிறகு யாரும் சான்றாக ஏற்பதில்லை, விவரம் தெரிந்துகொள்வதற்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

தமிழில் எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். எழுதலாம். குறை தீர்க்கக் கோரும் மனுவை, ஒன்றியத்தின் அல்லது மாநிலத்தின் எந்த அலுவலருக்கும், அங்கு வழங்கும் எந்த மொழியிலும் தரும் உரிமையை அரசியலமைப்பின் 350ஆவது பிரிவு ஒவ்வொருவருக்கும் கொடுத்திருக்கிறது. மயிலாடுதுறையில் நேரில் தரும் கடிதத்தைத் தமிழில் தாராளமாகக் கொடுங்கள், எண் போட்டு ஒப்புகை கேளுங்கள். பெங்களூருக்குப் போகும் புகாரைப் பொறுத்தவரை, அங்கே அமர்ந்திருப்பவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம் என்பதால், பத்து வரியை ஆங்கிலத்திலும் எழுதி இரண்டையும் சேர்த்து அனுப்புவது வேலையைச் சுருக்கும். உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை; உங்கள் பணம் சீக்கிரம் வர வேண்டும்.

நாற்காலி தராத விஷயம் என் மனதில் நிற்கிறது. 2020 ஆகஸ்ட் 13 அன்று வெளியிடப்பட்ட வரி செலுத்துவோர் சாசனம், மரியாதையாக நடத்துவதையும், மாறாகக் கருதக் காரணம் இல்லாதவரை வரி செலுத்துபவரை நேர்மையானவராகக் கருதுவதையும் துறையின் கடமையாகச் சொல்கிறது. அன்றைய தேதி, நேரம், எந்த அறை என்பவற்றோடு இதைத் தனிப் புகாராக எழுதுங்கள்; வரிக் கோரிக்கையோடு கலக்காதீர்கள். கலந்தால் இரண்டுக்கும் பதில் வராது.

வரிப் பாக்கி இருப்பவர்களுக்கு இப்போது போலிக் குறுஞ்செய்திகள் வருகின்றன. 2019 அக்டோபர் 1 முதல் துறையின் கடிதங்களில் கணினி வழங்கும் ஆவண அடையாள எண் இருக்க வேண்டும். அந்த எண்ணை வருமான வரி இணையதளத்தில், உள்ளே நுழையாமலே சரிபார்க்கலாம். உங்களுக்கு வந்த அறிவிப்பைச் சரிபார்த்தேன், அது உண்மையானது. ஓடிபி கேட்டு யார் அழைத்தாலும், இணைப்பை அழுத்தச் சொன்னாலும் பேச்சை நிறுத்திவிடுங்கள்.

இனி நடப்பு விஷயம். 2025-26 நிதியாண்டு முதல் புதிய முறையில் 12 லட்ச ரூபாய் வரை வருமானம் உள்ளவர்களுக்குத் தள்ளுபடி மூலம் வரி இல்லாமல் போகிறது. உங்கள் வருமானம் இதே அளவில் இருந்தால் வரியே வராது. ஆகவே, வரி வராத மூத்த குடிமக்கள் வங்கியிடம் தருவதும் இதுநாள்வரை 15எச் என்று நாம் அழைத்துவந்ததுமான உறுதிமொழிப் படிவத்தை ஆண்டுத் தொடக்கத்திலேயே கொடுத்து, வங்கி வரி பிடிப்பதையே நிறுத்திவிடலாம். ஆனால் வைப்புகள் உங்கள் வாடிக்கையாளர் எண்ணுக்கு மாறிய பிறகே கொடுங்கள். பழைய எண்ணில் கிடக்கும்போது கொடுத்தால், படிவம் ஓர் இடத்திலும் வட்டி ஓர் இடத்திலும் இருக்கும்.

கடைசியாக உங்கள் கணவரின் பான் எண். "அவர் பெயரில் ஒரு ரிட்டர்ன் போட்டால் 27,400 ரூபாயும் முழுதாகத் திரும்ப வந்துவிடும்" என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். அந்த நிதியாண்டு முழுவதும் அவர் இல்லை. அந்த வட்டி அவருடைய வருமானம் அல்ல. அப்படித் தாக்கல் செய்வது பொய்க் கணக்கு, பிறகு உங்களையே பாதிக்கும். அதே நேரத்தில் 2,74,000 ரூபாய் வட்டி அவர் எண்ணில் பதிவாகியிருப்பதால், ஏன் ரிட்டர்ன் தாக்கல் செய்யவில்லை என்று அவர் பெயருக்கு ஓர் அறிவிப்பு வரலாம். வந்தால் கலங்க வேண்டாம். வாரிசுச் சான்றிதழையும் இறப்புச் சான்றிதழையும் பதிவேற்றி, அவருடைய சட்டபூர்வ வாரிசாக இணையதளத்தில் உங்களைப் பதிவு செய்துகொள்ளுங்கள். பிறகு அவருடைய ஆண்டுத் தகவல் அறிக்கையில் அந்த வட்டிக்கு எதிரே, இந்தத் தகவல் வேறொரு பான் எண்ணுக்கு உரியது என்று தேர்ந்தெடுத்து உங்கள் எண்ணைக் குறிப்பிடலாம். பான் அட்டையை ஒப்படைத்து ரத்து செய்யும்படி சிலர் அவசரப்படுத்துவார்கள். வங்கியின் திருத்தம் முடிந்து, உங்கள் ரீஃபண்ட் கணக்கில் ஏறும்வரை அதைச் செய்ய வேண்டாம். அவருடைய அட்டையை உங்கள் அட்டையோடு ஒரே உறையில் வைத்திருங்கள், வங்கிக்குப் போகும்போது இரண்டையும் கொண்டுபோக வேண்டியிருக்கும்.